ரவுட்டர் தந்த பச்சை விளக்கு: கண்காணிப்பு மென்பொருளில் ஐபிவி6 இயக்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த வலையமைப்பு நடுத்தர அளவினது. சுமார் 60 சர்வர்கள், 40 சுவிட்சுகள், எல்லையில் லினக்ஸ் அடிப்படையிலான 2 ரவுட்டர்கள். மூன்று பேர் கொண்ட குழு இவற்றைப் பராமரித்தது. கண்காணிப்புக்கு நாகியோஸ் கோர், சோதனைகளுக்கு மானிட்டரிங் பிளகின்ஸ் (துணை நிரல்கள்) தொகுப்பு, சாதனங்களின் எண்ணிகளை எஸ்என்எம்பி என்ற மேலாண்மை நெறிமுறையில் வாங்க நெட்-எஸ்என்எம்பி, வரைபடங்களுக்கு ஆர்ஆர்டிடூல். நாகியோஸின் அமைவுக் கோப்புகளை யாரும் கையால் எழுதவில்லை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருந்த சாதனப் பட்டியலைப் படித்து, இரவுதோறும் ஒரு ஸ்கிரிப்ட் அவற்றை உருவாக்கியது.

அந்தப் பட்டியலில் முகவரிக்கான நெடுவரிசை 15 எழுத்து கொள்ளும் வார்ச்சார் (எழுத்துச் சரம்) வகை. 255.255.255.255 என்று எழுதினாலும் 15 எழுத்துதான் என்பதால் ஐபிவி4 (பழைய 32 பிட் இணைய முகவரி நெறிமுறை) காலத்தில் அந்த அளவில் குறை இல்லை. இந்த ஆய்வின் முக்கியமான பிழை இந்த எண்ணிலிருந்தே வந்தது.

சர்வர்கள் ஓராண்டுக்கும் மேலாக ஐபிவி4, புதிய 128 பிட் ஐபிவி6 என்ற இரு நெறிமுறைகளிலும் ஓடிக்கொண்டிருந்தன. பெயர்ப் பதிவில் ஐபிவி4 முகவரி தரும் ஏ பதிவும் ஐபிவி6 முகவரி தரும் குவாட்-ஏ பதிவும் இருந்தன. கண்காணிப்பு மட்டும் ஐபிவி4-இலேயே நின்றது. ஐபிவி6-ஐ வலையில் இயக்கியவர்கள் கண்காணிப்பைப் "பிறகு" என்று வைத்தார்கள்.

முகவரிகள் கீழே வரும் இடங்களில், ஆவண உதாரணங்களுக்கென ஒதுக்கப்பட்ட 2001:டிபி8::/32 தொகுதி பயன்படுத்தப்பட்டுள்ளது. எழுத்துகளின் எண்ணிக்கை மட்டும் உண்மையானபடியே விடப்பட்டுள்ளது. காரணம் பின்னால் புரியும்.

வேலையைத் தொடங்க வைத்த தடை

ஒரு வலைச் சர்வரை மறுதொடக்கம் செய்தபோது ஐபிவி4 ஃபயர்வால் விதிகள் ஏறின. ஐபிவி6 விதிகள் ஏறவில்லை. லினக்ஸில் ஐபிடேபிள்ஸும் ஐபி6டேபிள்ஸும் தனித்தனிப் பட்டியல்கள். ஒன்றைச் சேமித்தால் மற்றது தானாகச் சேமிக்கப்படாது. திறக்கும் விதி இல்லாததால், பாதுகாப்பான வலைப்பக்கங்களுக்கான 443 துறை (போர்ட்) ஐபிவி6-இல் மூடிக்கொண்டது. இது 9 நாள் யாருக்கும் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்கு இரண்டு காரணங்கள். உலாவிகள் ஹேப்பி ஐபால்ஸ் முறையைப் பின்பற்றுகின்றன. ஐபிவி6 இணைப்பு உடனே அமையாவிட்டால் சற்றுப் பொறுத்து ஐபிவி4-ஐ முயலும். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8305 (ஆர்எஃப்சி என்பவை இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணங்கள்) இதற்குப் பரிந்துரைக்கும் இடைவெளி 250 மில்லிவிநாடி. கால் விநாடித் தாமதத்தை எந்தப் பயனரும் புகாராக எழுதுவதில்லை. இரண்டாவது, நாகியோஸ் சோதித்தது ஐபிவி4 முகவரியை. அது 9 நாளும் பச்சை காட்டியது, சரியாகவே.

புகார் கடைசியில் வெறும் ஐபிவி6 மட்டும் கொண்ட அணுகு வலையிலிருந்து வந்தது. அங்கே, ஐபிவி4 மட்டும் கொண்ட தளங்களை அடைய உதவும் டிஎன்எஸ்64 என்ற பெயர்ச் சேவை இருந்தும் உதவவில்லை. ஒரு பெயருக்குக் குவாட்-ஏ பதிவே இல்லாதபோதுதான் டிஎன்எஸ்64 செயற்கை முகவரி செய்து தரும். இங்கே பதிவு இருந்தது, அதன் பின்னால் திறந்த துறைதான் இல்லை. ஐபிவி6 வலை வழியாகவே ஐபிவி4-ஐப் பயன்படுத்த விடும் 464எக்ஸ்லாட் வசதியும் அந்தப் பயனர்களுக்கு இல்லாததால் ஐபிவி4-க்குத் திரும்ப வழியே இல்லாமல் போனது.

முதல் ஆய்வில் கண்டவை

மென்பொருள் ஐபிவி6-ஐ ஆதரிக்கிறதா என்ற ஒற்றைக் கேள்விக்கு "ஆம்" என்ற விடை எளிதில் கிடைத்தது. நாகியோஸ் மையம் தானாக எதையும் தொடர்புகொள்வதில்லை. முகவரியை ஒரு சரமாக எடுத்துப் பிளகினிடம் கொடுக்கும், அவ்வளவுதான். ஆகவே கேள்வியைக் குழு துண்டு துண்டாக உடைத்தது: யார் பேசுகிறார், எந்த முகவரியிலிருந்து பேசுகிறார், யாரிடம், பதிலை எங்கே எழுதுகிறார்?

பிளகின்கள், ஐபிவி6-ஐ மட்டும் பயன்படுத்தச் சொல்லும் -6 என்ற விருப்பத்தை ஏற்றன. ஆனால் சாதனம் பதில் தருகிறதா என்று பார்க்கும் செக்_பிங் பிளகின் தொகுக்கப்பட்டபோது பிங்6 கட்டளையின் பாதை அதனுள்ளேயே பதிந்துவிட்டது. இயக்குதளம் மேம்படுத்தப்பட்டபோது தனி பிங்6 மறைந்து, ஒரே பிங் கட்டளை -6 உடன் இரண்டையும் செய்யத் தொடங்கியிருந்தது. பிளகின் இல்லாத கோப்பை அழைத்துத் தோற்றது. புதிய தளத்தில் மீண்டும் தொகுத்ததும் சரியானது.

வலைச் சேவையைச் சோதிக்கும் செக்_எச்டிடிபி பிளகின் பெயரை வாங்கும்போது நடப்பதைக் கவனிக்க வேண்டியிருந்தது. எந்தக் குடும்பம் (ஐபிவி4-ஆ, ஐபிவி6-ஆ) என்று சொல்லாவிட்டால், பெயருக்குக் கிடைத்த முகவரிகளை வரிசையாக முயன்று, ஒன்று இணைந்தவுடன் நின்றுவிடும். ஐபிவி6 செத்திருந்தாலும் ஐபிவி4 பதில் சொன்னால் பச்சைதான். உலாவி மறைத்த அதே தடையை இதுவும் மறைக்கும்.

எஸ்என்எம்பி பக்கத்தில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து பேசப்பட்டன. ஐபிவி6 வழியாக எண்ணிகளைக் கேட்பது ஒன்று. ஐபிவி6 போக்குவரத்தின் எண்ணிகளைக் கேட்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஐபிவி6 இணைப்பே தேவையில்லை. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4293 வரையறுத்த அட்டவணையில், 1.3.6.1.2.1.4.31.3.1.6 என்ற எண்வரிசையின் (எஸ்என்எம்பியில் ஒரு மதிப்பின் அடையாளம்) கீழ், இடைமுகம் வாரியாக உள்வந்த பைட்டுகள் நெறிமுறைப் பதிப்பு பிரித்துக் கிடைக்கும். சுட்டெண் 1 என்றால் ஐபிவி4, 2 என்றால் ஐபிவி6. இதை ஐபிவி4 வழியாகவே கேட்கலாம். வழக்கமான இடைமுக எண்ணி இரண்டையும் கூட்டியே தரும். 40 சுவிட்சுகளில் 22 மட்டுமே இந்தப் பிரிப்பைத் தந்தன.

யார் யாரோடு பேசினார் என்ற போக்குவரத்து ஓட்டங்களைப் பதியும் நெட்ஃப்ளோ சேகரிப்பு 5ஆம் பதிப்பில் இருந்தது. அந்தப் பதிவு 48 பைட்டில் இறுகிய வடிவம். முகவரிக்கு 32 பிட்டுக்கு மேல் இடமே கிடையாது. ஐபிவி6 ஓட்டங்கள் தவறாகப் பதியவில்லை, பதியவே இல்லை. 9ஆம் பதிப்பு அல்லது அதிலிருந்து வந்த பொதுத் தரமான ஐபிஃபிக்ஸ் இல்லாமல் வேறு வழி இல்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

ஒரு சர்வருக்கு நாகியோஸில் இரண்டு ஹோஸ்ட்கள் (கண்காணிக்கப்படும் சாதனப் பதிவுகள்) வேண்டாம், ஒரே ஹோஸ்டில் இரண்டு முகவரிகள் போதும் என்று முடிவானது. இரண்டாகப் பிரித்தால் வட்டு நிரம்பல், சுமை போன்ற சோதனைகள் யாருக்குச் சொந்தம் என்ற குழப்பம் வரும், பட்டியலும் இரட்டிக்கும். நாகியோஸில் ஹோஸ்டுக்கு ஒரு முகவரிப் புலமே உண்டு. ஆகவே _அட்ரஸ்6 என்ற தனிமாறி சேர்க்கப்பட்டது. கட்டளை வரியில் அதை $_ஹோஸ்ட்அட்ரஸ்6$ என்று எடுக்கலாம். ஹோஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்ற தீர்ப்பு ஐபிவி4 பிங்கிடமே விடப்பட்டது. ஐபிவி6 பிங் ஒரு சேவைச் சோதனையாகச் சேர்ந்தது. இந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது, பின்னர் வருகிறது.

வலைச் சேவைக்கு -4 உடன் ஒன்று, -6 உடன் ஒன்று என இரண்டு தனிச் சோதனைகள். குடும்பம் குறிப்பிடாத பழைய சோதனை நீக்கப்பட்டது. அதை விட்டுவைத்தால் தவறான ஆறுதல் தருவதைத் தவிர வேறு பயன் இல்லை.

எஸ்என்எம்பி எண்ணிகள் ஐபிவி4 வழியாகவே தொடரும். ஐபிவி6 வழி 6 சுவிட்சுகளில் மட்டும் முன்னோட்டம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எண்ணி வராதபோது சாதனம் கெட்டதா வழி கெட்டதா என்று பிரித்தறிய முடியாது.

முதல் 2 வாரங்களுக்கு ஐபிவி6 சோதனைகள் யாரையும் எழுப்பக் கூடாது, திரையில் மட்டும் தெரிந்தால் போதும் என்றும் வைத்தார்கள். இரவில் பொய் எச்சரிக்கை நான்கு வந்தால் ஐந்தாவதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அனுபவம். இந்த முடிவைக் குழுவில் ஒருவர் ஏற்கவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது என்று பின்னர் தெரிந்தது.

முதல் வாரம்: மூல முகவரி ஒரு நாளில் மாறியது

கண்காணிப்பு சர்வரில் ஐபிவி6 இயங்கியது. நெட்-எஸ்என்எம்பி முகவருக்கு (கேள்விகளுக்குப் பதில் தரும் நிரலுக்கு), அது கேள்விகளை எதிர்நோக்கும் முகவரிகள் udp என்ற ஐபிவி4 வழியிலும் udp6 என்ற ஐபிவி6 வழியிலும் தனித்தனியே தரப்பட்டன. இங்கே பலர் தவறும் ஒன்று: படிக்க மட்டும் அனுமதி தரும் ஆர்ஓகம்யூனிட்டி வரி ஐபிவி4-க்கு மட்டும் செல்லும். ஐபிவி6-க்கு ஆர்ஓகம்யூனிட்டி6 என்ற தனி வரி வேண்டும். இல்லாவிட்டால் முகவர் கேள்வியைப் பெறும், பதில் தராது.

6 சுவிட்சுகளின் அனுமதிப் பட்டியலிலும் கண்காணிப்பு சர்வரின் ஐபிவி6 முகவரி சேர்க்கப்பட்டது. வேலை செய்தவர் சுவிட்சின் பதிவேட்டில் எந்த முகவரியிலிருந்து கேள்வி வந்தது என்று பார்த்து அதையே உள்ளிட்டார். அன்று முழுதும் எண்ணிகள் வந்தன. மறுநாள் ஏறக்குறைய அதே நேரத்தில் ஆறும் ஒன்றாக நின்றன.

அனுமதி இல்லாத கேள்வியைச் சுவிட்ச் சத்தமின்றிக் கீழே போடும். கேட்பவருக்கு அது காலாவதியாக மட்டுமே தெரியும். ஆகவே முதல் இரண்டு மணி நேரம் ரவுட்டரில் தேடுவதில் கழிந்தது. பிங் போனது, எஸ்என்எம்பி போகவில்லை. சுவிட்சில் பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தபோதுதான் மூல முகவரியின் கடைசி 64 பிட்டும் வேறாக இருந்தது தெரிந்தது.

சர்வரின் இயக்குதளப் படிமத்தில் தற்காலிக முகவரிகள் இயக்கப்பட்டிருந்தன: யூஸ்_டெம்ப்அட்ரஸ் மதிப்பு 2. இவை பயனரின் தனியுரிமைக்காக ஏற்பட்டவை. மேசைக் கணினிக்கு நல்லவை. அனுமதிப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டுப் பேச வேண்டிய சர்வருக்கு ஆகாதவை. லினக்ஸில் இவற்றின் விருப்ப ஆயுள் (புதிய இணைப்புகளுக்குப் பயன்படும் காலம்) 86400 விநாடி, அதாவது ஒரு நாள். நிலையான முகவரி ஒன்றைப் பக்கத்தில் சேர்த்தாலும் தீராது: 2012-இன் ஆர்எஃப்சி 6724 மூல முகவரியைத் தேர்ந்தெடுக்கும் விதிகளில் தற்காலிகத்துக்கே முன்னுரிமை தருகிறது.

திருத்தம் மூன்று இடங்களில் செய்யப்பட்டது. யூஸ்_டெம்ப்அட்ரஸ் 0 ஆக்கப்பட்டது. கையால் தந்த நிலையான முகவரி ஒன்று வைக்கப்பட்டது. நெட்-எஸ்என்எம்பியின் அமைவில் கிளையண்ட்அட்ரஸ் வரியில் அதே முகவரி எழுதப்பட்டது. சுவிட்சுகளில் அந்த ஒற்றை /128 முகவரிக்கு மட்டும் அனுமதி.

அதே வாரத்தில் இன்னொன்று. 14 சர்வர்களில் இருந்த உள்முகவர் நிரல், ஐபிவி6 சாக்கெட் (இணைப்புகளை ஏற்கும் வாயில்) ஒன்றிலேயே இரு நெறிமுறைகளையும் கேட்கும்படி மாற்றப்பட்டது. மாற்றியவுடன் ஐபிவி4 சோதனைகள் சிவந்தன. அப்படிப்பட்ட சாக்கெட்டில் 192.0.2.10-இலிருந்து வரும் இணைப்பு ::எஃப்எஃப்எஃப்எஃப்:192.0.2.10 என்ற உருவில் தெரியும். அனுமதிப் பட்டியலைச் சரமாக ஒப்பிட்ட நிரலுக்கு இது அந்நியர். இரண்டு தனி சாக்கெட்டுகளாகப் பிரித்ததும் தீர்ந்தது.

ஆர்ஆர்டி கோப்புகளின் சிக்கல் சிறியது; ஆனால் சிரிக்க வைப்பது. கோப்பின் பெயரில் ஐபிவி6 முகவரியை அப்படியே வைத்தார்கள். கோப்பு உருவானது, தரவும் சேர்ந்தது, படம் மட்டும் வரவில்லை. ஆர்ஆர்டிடூல் வரைபட வரியில் கோப்பின் பெயர், தரவின் பெயர், தொகுப்பு முறை எல்லாவற்றையும் முக்காற்புள்ளியே பிரிக்கிறது. முகவரியே முக்காற்புள்ளிகளால் ஆனது. பின்சாய்கோடு இட்டுத் தப்பிக்கலாம். குழு அதைச் செய்யாமல், கோப்பின் பெயரைச் சாதன எண்ணாக மாற்றியது. முகவரி மாறினாலும் வரலாறு தொடரும் என்பது கூடுதல் நன்மை.

2ஆம் வாரம்: தானியங்கிக் கண்டறிதல்

வலையில் உள்ள சாதனங்களைத் தேடும் பழைய கண்டறிதல் கருவிக்கு ஐபிவி4 வரம்புகள் தரப்பட்டிருந்தன. அதே படிவத்தில் ஒருவர் ஒரு /64-ஐ (முதல் 64 பிட் பொதுவான ஐபிவி6 உள்வலையை) எழுதிச் சேமித்தார். கருவி மறுக்கவில்லை. விநாடிக்கு 500 முகவரி வீதம் வரிசையாகத் தட்டத் தொடங்கியது.

ஒரு /64-இல் இருப்பவை 18,446,744,073,709,551,616 முகவரிகள். விநாடிக்கு 500 வீதம் முடிக்க நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். அதுவல்ல தொல்லை. இல்லாத ஒவ்வொரு முகவரிக்கும் ரவுட்டர் அண்டை அட்டவணையில் (பக்கத்துச் சாதனங்களின் முகவரிப் பட்டியல்) ஒரு முடிவுறாத வரி திறந்து, ஒரு விநாடி இடைவெளியில் மூன்று முறை கேட்டுப் பார்க்கும். 500 பெருக்கல் 3: எந்நேரமும் 1500 வெற்று வரிகள். லினக்ஸின் இயல்பு மேல்வரம்பு 1024. அட்டவணை நிரம்பியதால் உண்மையான சர்வர்களுக்கு இடம் கிடைக்காமல், 11 நிமிடம் ஐபிவி6 விட்டுவிட்டு வேலை செய்தது. கருவியை நிறுத்தியதும் சில விநாடிகளில் சரியானது. இந்தச் சிக்கலை 2012-இலேயே ஆர்எஃப்சி 6583 விவரித்திருக்கிறது.

அதன்பின் தட்டிப் பார்ப்பது கைவிடப்பட்டது. ரவுட்டரின் அண்டை அட்டவணையையே எஸ்என்எம்பி வழியாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கிறார்கள். எண்வரிசை 1.3.6.1.2.1.4.35. பழைய 1.3.6.1.2.1.4.22 ஐபிவி4-ஐ மட்டுமே அறியும். அதைப் படித்துவிட்டு ஐபிவி6 சாதனங்கள் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. வலை அட்டையின் வன்பொருள் எண்ணான மேக் முகவரி ஒன்றுக்குப் பல ஐபிவி6 முகவரிகள் வருவது இயல்பு என்பதால், சாதனத்தை மேக் கொண்டே அடையாளம் காண்கிறார்கள்.

4ஆம் வாரம்: அணைந்த சர்வருக்குப் பச்சை

இரண்டு வார அமைதிக் காலம் முடிந்தது, எச்சரிக்கைகள் இயக்கப்பட்டன. பொய் எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை. அது நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

4ஆம் வாரத்தில் ஒரு சர்வர் வட்டு மாற்றத்துக்காக 40 நிமிடம் அணைக்கப்பட்டது. ஐபிவி4 பிங் சிவந்தது. -6 உடன் ஓடிய வலைச் சோதனையும் சிவந்தது. ஐபிவி6 பிங் மட்டும் பச்சை, 0.3 மில்லிவிநாடியில் பதில். மின்சாரமே இல்லாத பெட்டியிலிருந்து.

முதல் சந்தேகம், அதே முகவரியை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள் என்பது. ரவுட்டரின் அண்டை அட்டவணையில் அப்படி ஒரு வரி இல்லை. சர்வரின் தொலை மேலாண்மைச் சிப்பு பதில் தருகிறதா என்று பார்த்தார்கள். அதற்கு ஐபிவி6 முகவரியே தரப்படவில்லை. பிறகு கண்காணிப்பு சர்வரிலேயே பாக்கெட்டைப் பிடித்தார்கள். பிங் போய்க்கொண்டிருந்த இடம் 2001:டிபி8:40:1::10 அல்ல, 2001:டிபி8:40:1:: மட்டும்.

புதிய முகவரிக்கான நெடுவரிசையைச் சேர்த்தவர், பழைய நெடுவரிசையின் வரையறையை நகலெடுத்திருந்தார்: 15 எழுத்து. முழு முகவரி 17 எழுத்து. கடைசி இரண்டு, அதாவது 10, வெட்டுப்பட்டது. அந்த மைஎஸ்க்யூஎல் கண்டிப்பு முறையில் ஓடவில்லை. வெட்டியதை ஒரு எச்சரிக்கையாகச் சொல்லிவிட்டு ஏற்றுக்கொண்டது. தரவை ஏற்றிய ஸ்கிரிப்ட் பிழைகளைப் படிக்கும், எச்சரிக்கைகளைப் படிக்காது.

வெட்டுப்பட்ட சரம் செல்லாத முகவரியாக இருந்திருந்தால் முதல் நாளே பிளகின் கத்தியிருக்கும். ஆனால் மீதமிருந்த 15 எழுத்து முறையான முகவரி. அதுவும் சாதாரண முகவரி அல்ல: முன்னொட்டுக்குப் பின் எல்லாம் சுழியமாக வரும் முகவரி, அந்த உள்வலையின் ரவுட்டர்களுக்குரிய எனிகாஸ்ட் முகவரி (பலருக்குப் பொதுவானது, அருகில் இருப்பவர் பதில் தருவது). ஆர்எஃப்சி 4291-இன்படி எல்லா ரவுட்டர்களும் அதை ஆதரிக்க வேண்டும். அந்த ரவுட்டர் விதிப்படி பதில் தந்தது. உள்வலை எண்கள் 1 முதல் 6 வரை ஒற்றை இலக்கத்தில் இருந்ததால், 60 சர்வர்களுக்கும் இதே கதி. உள்வலை எண் 100 என்று இருந்திருந்தால் 2001:டிபி8:40:100 என்று நின்று, செல்லாத முகவரியாகி உடனே பிடிபட்டிருக்கும்.

மூன்று வாரமாக 60 ஐபிவி6 பிங் சோதனைகள் செய்தது ஒரே வேலை: ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்று 60 முறை கேட்டது. வலைச் சோதனை தப்பியதற்குக் காரணம், அது பட்டியல் முகவரியை எடுக்காமல் பெயரை -6 உடன் தேடியது. தடயம் கண்ணெதிரே இருந்தது. ஒரே உள்வலைச் சர்வர்களின் பதில்நேர வரைபடங்கள் ஒன்றன்மேல் ஒன்று அச்சுப்போலப் பொருந்தின. வெவ்வேறு சுமையில் ஓடும் இயந்திரங்களுக்கு அப்படி அமைவதில்லை. பொய் எச்சரிக்கை ஒன்றும் வராததும் அதே தடயத்தின் மறுபக்கம்.

திருத்தம் இந்த வரிசையில் நடந்தது. நெடுவரிசை 16 பைட் வார்பைனரி (பைட் வரிசை) ஆனது. ஏற்றும்போது முகவரியைப் பைட்டாக்கும் இனெட்6_ஏட்டான், படிக்கும்போது எழுத்தாக்கும் இனெட்6_என்டோவா. சரத்தின் நீளத்தைப் பெரிதாக்கி 45 எழுத்து ஆக்கினாலும் வெட்டுப்படாது. ஆனால் 2001:டிபி8:0:0:0:0:0:1, 2001:டிபி8::1 என்ற இரண்டும் ஒரே முகவரி என்பது சரத்துக்குத் தெரியாது. பைட்டுகளாக வைத்தால் அந்தக் கவலை இல்லை. திரையில் காட்டும் எழுத்துருவம் 2010-இன் ஆர்எஃப்சி 5952 சொல்லும் ஒற்றை வடிவம். அடுத்து, அந்த நெடுவரிசைக்குத் தனித்துவக் குறியீடு (ஒரே மதிப்பை இருமுறை ஏற்காத விதி) இடப்பட்டது. இது ஒன்று முதலிலேயே இருந்திருந்தால் இரண்டாவது சர்வரை ஏற்றும்போதே தரவுத்தளம் மறுத்திருக்கும். மைஎஸ்க்யூஎல் கண்டிப்பு முறைக்கு மாறியது. கடைசியாக, அமைவுக் கோப்பை உருவாக்கும் ஸ்கிரிப்ட் இப்போது இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: கடைசி 64 பிட்டும் சுழியமான முகவரியை ஏற்காது, பட்டியல் முகவரி குவாட்-ஏ பதிவோடு பொருந்தாவிட்டால் புதிய அமைவை எழுதாமல் பழையதையே விட்டு எச்சரிக்கும்.

திருத்தியபின் முதல் ஓட்டத்தில் 3 சர்வர்கள் சிவந்தன. மூன்றிலும் ஐபிவி6 உண்மையிலேயே வேலை செய்யவில்லை. எத்தனை நாளாக என்று சொல்லப் பதிவு இல்லை.

6ஆம் வாரம்: சிறிய பிங் போகும், பெரிய கோப்பு போகாது

ஐபிவி6-ஐ வேறொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் சுரங்க இணைப்பின் மறுபக்கம் இருந்த ஒரு சர்வரில் பிங் பச்சை, 443 இணைப்பு பச்சை, பெரிய பக்கம் மட்டும் பாதியில் நின்றது. ஐபிவி6-இல் இடைவழி ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதில்லை. பெரிதாக இருந்தால், பிழைகளைச் சொல்லும் ஐசிஎம்பிவி6 நெறிமுறையில் வகை 2 ("பாக்கெட் பெரிது") செய்தியைத் திருப்பி அனுப்பும். அனுப்பியவர் அளவைக் குறைக்க வேண்டும். ஃபயர்வாலில் ஐபிவி4 பழக்கத்தில் ஐசிஎம்பி முழுதும் அடைக்கப்பட்டு, எக்கோவுக்கான (பிங்கின் கேள்வி, பதில்) 128, 129 வகைகள் மட்டும் திறக்கப்பட்டிருந்தன. பிங்குக்காகத் திறந்தவர் பிங்கைத் தவிர மற்றதை மறந்தார். வகை 2 திறந்ததும் சரியானது. எதைத் திறக்க வேண்டும் என்ற பட்டியல் ஆர்எஃப்சி 4890-இல் இருக்கிறது.

இதற்கு ஒரு தனிச் சோதனை எழுதப்பட்டது: 1452 பைட் சுமையுடன், துண்டாக்கத் தடை இட்டு ஒரு பிங். 1452 உடன் ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபிவி6 தலைப்பு 40 சேர்ந்து 1500. பதில் வந்தால் நன்று. "பாக்கெட் பெரிது, அளவு 1480" என்று வந்தாலும் நன்று. சுரங்கத்தின் தலைப்பு 20 பைட்டைத் தின்கிறது, செய்தியும் வந்து சேர்கிறது. மௌனம்தான் கோளாறு. இந்தச் சோதனை 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது.

அதன்பின் நடந்தவை

நெட்ஃப்ளோ 9ஆம் பதிப்புக்கு மாறியது. இதில் பதிவின் வடிவத்தைச் சாதனம் தனி வார்ப்புருவாக அனுப்பும். அது வரும்வரை சேகரிப்பானுக்குத் தரவு புரியாது. சாதனத்தில் 30 நிமிடமாக இருந்த வார்ப்புரு இடைவெளி 1 நிமிடமாக்கப்பட்டது. இல்லாவிட்டால் சேகரிப்பானை மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் அரைமணி நேரத் தரவு போகும்.

ஒரே ஹோஸ்ட், இரண்டு முகவரி என்ற முடிவின் விலை 9ஆம் வாரத்தில் தெரிந்தது. மேல்நிலை இணைப்பில் ஐபிவி6 மட்டும் அறுந்தது. மேலுள்ள சாதனம் விழுந்தால் கீழுள்ளவற்றின் எச்சரிக்கைகளை அடக்கும் தாய்–சேய் உறவு நாகியோஸில் ஹோஸ்ட்களுக்கு இடையேதான். ஐபிவி4-இல் எல்லா ஹோஸ்ட்களும் உயிரோடு இருந்ததால் அந்த உறவு எதையும் அடக்கவில்லை; 57 எச்சரிக்கை மடல்கள் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு சர்வரின் ஐபிவி6 சோதனையும் ரவுட்டரின் ஐபிவி6 பிங்கைச் சார்ந்தது என்ற சேவைச் சார்பு விதி சேர்க்கப்பட்டது. அடுத்த முறை வந்தது ஒரே மடல்.

12ஆம் வாரத்தில், தொடக்கத்தில் நடந்த அதே கோளாறு வேறொரு சர்வரில் மீண்டும் நேர்ந்தது: மறுதொடக்கம், ஐபிவி6 விதிகள் ஏறவில்லை. -6 சோதனை 5 நிமிடத்தில் சிவந்தது. பயனர் புகார் எதுவும் வருமுன் விதிகள் ஏற்றப்பட்டன.

மீண்டும் செய்வதானால் மாறுபவை

முதலில் தரவுத்தளம், பிறகே சோதனைகள். முகவரி எங்கெல்லாம் சரமாக வைக்கப்படுகிறது என்று ஸ்கிரிப்ட், அட்டவணை, கோப்பின் பெயர், அனுமதிப் பட்டியல் எல்லாவற்றிலும் தேடி முடித்துவிட்டே பிளகினைத் தொட வேண்டும். இங்கே வரிசை தலைகீழாக இருந்தது.

ஒவ்வொரு புதிய சோதனையையும் ஒருமுறை வேண்டுமென்றே தோற்கடித்துப் பார்க்க வேண்டும். சர்வரில் ஐபி6டேபிள்ஸ் விதி ஒன்று போட்டு ஒரு நிமிடம் எக்கோவை அடைத்தாலே போதும்; முதல் நாளே எனிகாஸ்ட் பிழை வெளிப்பட்டிருக்கும். இப்போது புதிய சர்வர் சேர்க்கும் படிவத்தில் இது ஒரு கட்டாய வரி. சிவந்த நேரத்தைக் குறிக்காமல் படிவம் மூடாது.

அமைதிக் காலம் 2 வாரம் தேவையில்லை, 3 நாள் போதும் என்பது குழுவின் இப்போதைய கருத்து. முதலில் எதிர்த்தவர் அதுவும் வேண்டாம் என்கிறார். அந்த விவாதம் முடியவில்லை. மீதமுள்ள 34 சுவிட்சுகளின் எஸ்என்எம்பியை ஐபிவி6-க்கு மாற்றும் வேலை தள்ளிவைக்கப்பட்டுள்ளது. அவற்றில் 18, பதிப்பு பிரித்த எண்ணிகளைத் தராதவை. அவற்றை மாற்றும் காலத்தில் சேர்த்துச் செய்வதாகத் திட்டம்.